துலூஸ் – செத் கால்வாய்ப் பாதை: கார் இல்லைதான், ஆனால் பாதையும் இல்லை! அவசர உதவி தேவை

இரண்டுசக்கரம் | ஆகஸ்ட் 13, இரவு 8.40

வணக்கம். தெற்கு பிரான்ஸில் ஓம்ப்ஸ் என்ற சின்ன ஊரின் கேம்பிங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான், மனைவி, 11 வயது மகள். மூன்று சைக்கிள். துலூஸிலிருந்து கனால் டு மிடி கால்வாய் ஓரமாகவே 240 கிலோமீட்டர் போய், செத் ஊரில் மத்தியதரைக் கடலைத் தொடுவது திட்டம். மகள் கூட வருவதால் கார் ஓடாத பாதை மட்டும்தான் என்பது வீட்டில் போட்ட நிபந்தனை.

முதல் நாள் கார்தூஷ் வரை தார்ப்பாதை, இரண்டு பக்கமும் பிளேன் மர நிழல். மகள் கையை விட்டுவிட்டு ஓட்டினாள். இரண்டாம் நாள் போர்-லொராகே தாண்டியதும் தார் முடிந்தது. சரி, கெட்டி மண்தானே என்று காஸ்தெல்நோதாரி, அப்புறம் கார்கசோன் வரை வந்துவிட்டோம். இன்றைக்கு த்ரெப் தாண்டியதிலிருந்து அதுவும் போச்சு. ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை. கை மொத்தத்துக்கு வேர்கள் குறுக்கே ஓடுகின்றன. இடப்பக்கம் புதர், வலப்பக்கம் ஒரு முழத்தில் தண்ணீர். பல இடங்களில் மரங்களை வெட்டிவிட்டதால் நிழலும் கிடையாது.

மார்செயெத் தாண்டி டங் என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தில் ஸ்போக் கம்பி போய்விட்டது. பத்து கிலோமீட்டர் கழித்து இன்னொன்று. இப்போது சக்கரம் கோட்டமாகி பிரேக்கில் உரசுகிறது. ஹைப்ரிட் சைக்கிள், 28 மில்லிமீட்டர் டயர், 24 கம்பிச் சக்கரம். மூட்டை சுமார் 22 கிலோ, எல்லாம் பின் கேரியரில்.

கேள்விகள்: செத் வரை இப்படியேதானா? இந்தச் சக்கரத்தோடு எவ்வளவு தூரம் போகலாம்? இன்னும் ஐந்து நாள் லீவு இருக்கிறது, வேறு பாதை உண்டா? ஊர் பெயர் 'செத்' என்று பார்த்தபோதே யோசித்திருக்க வேண்டும் என்கிறாள் மனைவி.

மலைச்சக்கரம் | இரவு 8.58

நான் போன வருடம் எம்டிபியில் (மலை சைக்கிளில்) போனேன். ஒரு பிரச்சினையும் இல்லை. 2.2 அங்குல டயர் போடுங்கள்.

இரண்டுசக்கரம் | இரவு 9.02

ஓம்ப்ஸில் ராத்திரி ஒன்பது மணிக்கு 2.2 அங்குல டயருக்கு எங்கே போவேன் சார்? போட்டாலும் என் ஃபிரேமுக்குள் நுழையாது.

கம்பிவைத்தியர் | இரவு 9.20

முதலில் சக்கரத்தைப் பார்ப்போம். உடைந்தவை வலப்பக்கம், அதாவது பல்சக்கரம் இருக்கும் பக்கமா? அந்தப் பக்கக் கம்பிகள்தான் எப்போதும் அதிக இறுக்கத்தில் இருக்கும். அதன்மேல் 22 கிலோவை ஏற்றி வேரில் தூக்கிப் போட்டால் வேறு என்ன ஆகும்?

இரண்டுசக்கரம் | இரவு 9.26

ஆமாம், இரண்டுமே வலப்பக்கம்தான். ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை, எதிரெதிரே இருக்கின்றன.

கம்பிவைத்தியர் | இரவு 9.41

நல்லதாகப் போயிற்று. பக்கத்துப் பக்கத்தில் உடைந்திருந்தால் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

உடைந்த கம்பியைத் தொங்க விடாதீர்கள். கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கம்பியில் சுற்றி டேப் ஒட்டுங்கள். வலப்பக்கம் உடைந்தால் ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்த இடத்தை ஒட்டிய இரண்டு இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை (ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் சின்ன மரையை) அரைச் சுற்று தளர்த்துங்கள். இரண்டு வலப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றி விட்டுப் பாருங்கள். பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அரையரைச் சுற்றாகத்தான் போக வேண்டும், அவசரப்பட்டால் முட்டை வடிவில் வந்து நிற்கும். அப்படியும் உரசினால் பின் பிரேக்கை மட்டும் தளர்த்தி விட்டு, முன் பிரேக்கை நம்பி மெதுவாகப் போங்கள்.

ஓம்ப்ஸ் படகுத்துறை ஊர்தானே, படகு வாடகைக்கு விடும் இடங்களில் சைக்கிளும் விடுவார்கள். ஸ்போக் சாவி அங்கே கேட்டுப் பாருங்கள். புதுக் கம்பியே கிடைத்தாலும் உங்களால் மாட்ட முடியாது. வலப்பக்கம் என்பதால் கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும், அதற்குத் தனிச் சாவியும் பல்சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்கும் சங்கிலிக் கருவியும் வேண்டும்.

பாதி மூட்டையை மனைவி சைக்கிளுக்கு மாற்றுங்கள். தார் ரோட்டில் 40, 50 கிலோமீட்டர் தாங்கும். வேரில் நாலு கிலோமீட்டர்கூடச் சொல்ல முடியாது.

லாசப்பல்_அண்ணை | இரவு 10.05

தம்பி, பாரிஸிலிருந்து எழுதுகிறேன். நானும் இரண்டு கூட்டாளிகளும் அந்தப் பாதையில் செத் வரை போனோம். உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்கு முன்னால் இருப்பது இதே வேர்தான். லு சொமாய் வரை அங்கங்கே நல்ல துண்டுகள் வரும், நம்பி வேகம் எடுத்தால் திரும்பவும் வேர். பெசியே பக்கம் போனால்தான் மறுபடி ஒழுங்கான பாதை. கவனம்.

ஏன் இப்படி என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. கால்வாய் ஒன்று, ஆனால் கரைப்பாதையை ஒவ்வொரு மாவட்டமும் தன் பாட்டில் போடுகிறது. ஓத்-கரோன் மாவட்டம் தன் எல்லை வரை தார் போட்டு நிறுத்திவிட்டது. நீங்கள் தார் முடிந்தது என்று சொன்ன இடம் அந்த எல்லைதான். அங்கால் ஓட் மாவட்டம். பழைய நாளில் குதிரைகள் படகு இழுத்துக்கொண்டு நடந்த கரை அது. ரிக்கே என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கால்வாயை வெட்டியது சரக்குப் படகுக்கு, எங்கள் சைக்கிளுக்கு இல்லை! வரைபடத்தில் முழுக்க ஒரே நிறக் கோடாகத்தான் காட்டுவார்கள். நீலச் சதுரப் பலகையில் நடப்பவர், சைக்கிள், குதிரை மூன்றும் போட்டிருந்தால் அது 'வுவா வெர்த்', அதாவது மோட்டார் வண்டி வராத பசுமைப் பாதை. அந்தப் பலகை இல்லாத கரையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மரம் வெட்டியதற்குக் காரணம் ஒரு பூஞ்சை நோய். இந்தக் கால்வாயில் 2006இல் கண்டுபிடித்தார்கள். மருந்து இல்லை, வெட்டி எரிப்பதுதான் வழி. மொத்தம் 42,000 பிளேன் மரம் இருந்ததாம்.

சொந்தக் கருத்து: விட்டுவிட்டு வடமேற்கே போங்கள். கனால் தெ கரோன். துலூஸிலிருந்து கஸ்தெ-ஆந்-தோர்த் வரை 193 கிலோமீட்டர், கரைப்பாதை பெரும்பாலும் தார். துலூஸிலிருந்து போகும்போது தண்ணீர் இறங்கும் திசையும் அதுதான். ஏற்றம் என்று பார்த்தால் பாலங்கள்தான்.

பொர்தோ_மங்கை | இரவு 10.30

அண்ணா சொல்வதுதான் சரி. நான் என் பையனோடு அந்தப் பாதையில் இரண்டு முறை வந்திருக்கிறேன், அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

நாளைக்கே கிளம்பிவிடுங்கள். ஆகஸ்ட் 15 இங்கேயும் லீவுதான், கொடியேற்றத்துக்கு இல்லை, மாதா விண்ணேற்புக்கு. ரயில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஓம்ப்ஸிலிருந்து லெசினியான்-கொர்பியேர் ரயில் நிலையம் பத்து கிலோமீட்டர்தான். பெரிய சாலை வேண்டாம், எஸ்கால் ஊர் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போங்கள். காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் வெயிலும் இருக்காது. டிஇஆர் என்ற உள்ளூர் ரயிலில் துலூஸ், அங்கே மாறி, கரோன் கால்வாய்க் கரையில் இருக்கும் மொய்சாக். டிஇஆரில் பொதுவாக சைக்கிளுக்குத் தனிக் காசு இல்லை, இடம் இருந்தால் ஏற்றலாம். மூன்று சைக்கிள் என்பதால் கூட்டமில்லாத வண்டியாகப் பாருங்கள். இன்டர்சிட்டே என்ற தொலைதூர ரயில் பக்கம் போகாதீர்கள், அதில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 10 யூரோ.

மொய்சாக்கிலிருந்து ஆஜன் 43 கிலோமீட்டர், வழவழ தார். ரயில் பாதையும் கால்வாய்க்குப் பக்கத்திலேயே வரும். வலான்ஸ், ஆஜன், மார்மாந்த் என்று நிலையங்கள் உண்டு, சக்கரம் சதி செய்தால் ஏறிவிடலாம். ஆஜனில் சக்கரம் சரிசெய்யக் கடை கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாதைக்குள் கார் வராமல் இருக்க இரும்புத் தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பை தொங்கினால் மாட்டிக்கொள்ளும், இறங்கித் தள்ளுங்கள். மகளுக்கு ஹெல்மெட் இருக்கிறதுதானே? 12 வயதுக்குக் கீழே இங்கே சட்டப்படி கட்டாயம், 2017இலிருந்து.

லாசப்பல்_அண்ணை | இரவு 10.41

இன்னொன்று. தண்ணீர் முடிந்தால் சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். கோயில் பக்கம் அல்லது ஊர் எல்லையில் இருக்கும். பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். பகல் 12 முதல் 2 வரை கிராமத்தில் ஒரு கடையும் திறக்காது. அப்போது எனக்கு அந்தக் குழாய்தான் கதி.

இரண்டுசக்கரம் | ஆகஸ்ட் 15, இரவு 9.15

மொய்சாக்கிலிருந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

படகுத்துறையில் ஒரு பெரியவர் ஸ்போக் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் செய்வதைப் பார்த்துப் பொறுக்காமல் தானே வாங்கிச் செய்தார். பிரேக் இப்போது உரசவில்லை. நேற்று எஸ்கால் வழியாக லெசினியான் வந்தோம், சாலையில் எதிரே வந்தது மொத்தம் நாலு வண்டி, அதில் ஒன்று டிராக்டர். எங்கள் நிபந்தனைப்படி அது 'கார் ஓடும் சாலை'. ஆனால் கார் இல்லாத பாதையைவிட அங்கேதான் மகள் நிம்மதியாக ஓட்டினாள்.

சேமக்காலைக் குழாயும் பார்த்தாயிற்று. "சுடுகாட்டுத் தண்ணியா?" என்று மனைவி பத்து நிமிடம் தள்ளியே நின்றாள். வெயில் 36 டிகிரி. அப்புறம் இரண்டு பாட்டில் பிடித்தாள்.

இன்றைக்கு ஓய்வு. சாயந்திரம் மூட்டை இல்லாமல் வலான்ஸ் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். கோல்ஃபெக் அணுமின் நிலையத்தின் இரண்டு கோபுரங்களும் புகைந்துகொண்டு நிற்கின்றன. அது புகை இல்லை, நீராவி என்று மகள் திருத்தினாள். பாதை கேரம் பலகை மாதிரி இருக்கிறது. நாளை ஆஜன் வரை.

ஒரு சந்தேகம் பாக்கி. அங்கிருந்து பொர்தோ வரை முழுக்கக் கார் இல்லாமல் போக முடியுமா?

பொர்தோ_மங்கை | இரவு 9.50

கிட்டத்தட்ட. ஃபோந்தே ஊரில் கால்வாயை விட்டு வெளியே வந்தால் சோவ்தேர்-தெ-குய்யேன் வரை சின்னச் சின்ன கிராமச் சாலைகள், மேடு பள்ளம். மூட்டை இருந்தால் இரண்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். சோவ்தேரிலிருந்து பொர்தோ வாசல் வரை பழைய ரயில் பாதையைத் தாராக்கியிருக்கிறார்கள். 1937 டூர் தெ பிரான்ஸில் ஜெயித்த ரொஜே லபெபி பெயர் வைத்த பாதை. நடுவில் ஒரு சுரங்கம் வரும், மகளுக்குப் பிடிக்கும். விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பிவைத்தியர் | இரவு 10.02

ஆஜனில் கம்பி மட்டும் மாட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பழைய கம்பிகளும் களைத்திருக்கும், ஒன்று மாற்றி ஒன்று உடையும். 36 கம்பிச் சக்கரம் உங்கள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலத்துக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். 32 கிடைத்தாலும் வாங்கலாம்.

இரண்டுசக்கரம் | ஆகஸ்ட் 16, மாலை 6.30

ஆஜன் வந்தாயிற்று. 32 கம்பிதான் கிடைத்தது, மாட்டிவிட்டேன். கடைக்காரர் பழைய சக்கரத்தைக் கழற்றும்போது மூன்றாவது கம்பி கையோடு வந்தது.