முக்காட்டைப் பற்றிய பார்வை நம் மாவட்டத்தில் எப்போது மாறியது?

கேள்வி: தக்கலைக்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையைச் சேர்ந்தவள். எண்பதுகளின் இறுதியில் நாகர்கோவிலுக்குக் கல்லூரி சென்றபோது, தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுவதும் வகுப்புக்குள் வந்ததும் தோளுக்கு இறக்கிவிடுவதும் எங்களுக்கு இயல்பாக இருந்தது. அதைப் பற்றி ஆசிரியர்களோ உடன் படித்தவர்களோ ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை. இன்று என் அண்ணன் மகள் தலையையும் கழுத்தையும் மூடும் மஃப்தா அணிந்து, ஊசி குத்தி, வீடு திரும்பும்வரை கழற்றாமல் இருக்கிறாள். அண்மையில் ஒரு நேர்முகத் தேர்வில், வேலை நேரத்தில் அதை எடுத்துவிட முடியுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அதே மாதம் ஒரு கல்யாண வீட்டில், "மாமி, இன்னும் சேலை முந்தானைதானா? ஒரு பர்தா போடக் கூடாதா?" என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி அம்மையார், 1997 முதல் 2001 வரை நம் மாநில ஆளுநராகவும் இருந்தார். சேலைத் தலைப்பால் தலையை மூடியே பொது இடங்களில் தோன்றினார். அது போதாது என்றோ அது எதற்கு என்றோ எங்கள் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. இந்த இரண்டு கேள்விகளும் எப்போது, எதனால் தொடங்கின?

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியை, மார்த்தாண்டம்

சகோதரி, இதை இஸ்லாமியக் குடும்பங்களின் கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எங்கள் சபையில் ஆலய வாசலை மிதிக்கும்போதே முந்தானை தலைக்கு ஏறிவிடும். வீட்டில் இரவு குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாலும் அப்படித்தான். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தைக் காட்டியே எங்களை வளர்த்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பெண்கள் கோவிலில் தலையை மூடியிருக்க வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதி இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் மூத்த பெண்கள் அதை விடவில்லை. பெந்தெகொஸ்தே சபைகளின் வெள்ளைச் சேலையையும் முக்காட்டையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேலை குறைந்து சுரிதார் பெருகிய பிறகுதான், இளம்பெண்களிடம் இந்தப் பழக்கம் ஆராதனை நேரத்துக்குள் சுருங்கியது. எல்லாரிடமும் இருந்த ஒரு வழக்கம் ஒரு சமூகத்தாரிடம் மட்டும் நாள் முழுவதும் தங்கியபோது, அது மத அடையாளமாகக் கண்ணில் படத் தொடங்கியது என்பதே என் கருத்து. முந்தானை இடத்துக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். ஊசி குத்திய துணி இறங்காது.

பதில்: தேங்காய்ப்பட்டணத்தான்

ஆசிரியை அவர்கள் ஊசியின்மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு கையில் புத்தகப் பையும் மறு கையில் கம்பியுமாகப் பேருந்தில் நிற்கும் பெண்ணின் தலையில் முந்தானை எத்தனை நேரம் நிற்கும்? எங்கள் ஊரில் மூத்த பெண்கள் வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் வெளியே போனதே அரிது. எழுபதுகளுக்குப் பிறகு ஆண்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். கறுப்புப் பர்தா முதலில் அவர்களுடைய பெட்டிகளில் வந்தது, பிறகு கடைகளுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் பெண் பிள்ளைகள் கல்லூரிக்கும் போனார்கள். "மூடிக்கொண்டு போகிறாள், போகட்டும்" என்று பெரியவர்கள் வழிவிட்ட வீடுகள் பல என்பதை மறந்துவிட்டு, அந்தத் துணியைப் பின்னோக்கிய நடை என்று எழுதுவது எளிது. அதே வேளையில், ஒருவர் போட்டதைப் பார்த்து மற்றவர் போட்டு, பிறகு போடாதவளைக் குறை சொல்வது என்று ஆனதும் உண்மை. உங்களைக் கல்யாண வீட்டில் கேட்டவர் அந்தப் பழக்கத்தின் பிள்ளை.

பதில்: கோட்டாற்று வாசகர்

பெண்ணின் உடையை ஊர் கூடி முடிவு செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாடார் பெண்கள் மார்பை மூடுவதற்கே தோள்சீலைப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் 1859ஆம் ஆண்டுப் பிரகடனம் மேலாடைக்கு உரிமை தந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தந்தது. தலைத்துணிக்கும் இங்கே மானத்தோடு தொடர்புண்டு: தலைப்பாகை கட்ட உரிமையற்றிருந்த ஆண்களை அதைக் கட்டி வழிபட வரச் சொன்னவர் அய்யா வைகுண்டர். அவருடைய வழிபாட்டுத் தலமான சாமிதோப்பில் இன்றும் ஆண்கள் அப்படித்தான் வழிபடுகிறார்கள். அதனால்தான், துணியை எடுக்கச் சொல்பவரையும் போடச் சொல்பவரையும் நான் ஒரே வரிசையில் வைக்கிறேன்.

எங்கள் தெருவில் இது வாய்ச்சண்டையானது 2022இல்தான். கல்வி நிலையங்களில் ஹிஜாபுக்குத் தடையாக அமைந்த கர்நாடக அரசின் பிப்ரவரி ஆணையும் அதை உறுதி செய்து மார்ச் 15 அன்று வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் தொலைக்காட்சியில் ஓடிய நாட்களில், அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையைக் கவனிக்காதவர்கள்கூடக் கவனித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 13 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதால், வழக்கு பெரிய அமர்வுக்குப் போக வேண்டியதாயிற்று என்பதைச் சண்டையிட்டவர்களில் பலர் படிக்கவே இல்லை. உங்கள் அண்ணன் மகள், நிறுவனத்தின் உடை விதியை எழுத்தில் தரும்படி கேட்கட்டும். வாயால் கேட்பவர்கள் பலர் எழுதித் தரத் தயங்குவார்கள்.

கேள்வி கேட்டவர்: தக்கலைக்காரி

மூவருக்கும் நன்றி. எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். தேங்காய்ப்பட்டணத்துச் சகோதரருக்கு மட்டும் ஒரு மறுப்பு: மூடிக்கொண்டால்தான் கல்லூரி என்று வழிவிட்டதைப் பெரியவர்களின் தாராள மனமாக எழுதியிருக்கிறீர்கள். என் உம்மா எந்த நிபந்தனையும் வைக்காமலேயே என்னை அனுப்பினார். தாவணியைத் தலையில் போட்டது என் வழக்கம், அவர் வாங்கிய வாக்குறுதி அல்ல. அண்ணன் மகளும் தானாகவே போட்டதாகத்தான் சொல்கிறாள், நான் நம்புகிறேன். அவளுடைய தங்கை போடாமல் போனால் உங்கள் ஊரில் வழிவிடுவார்களா என்பதையும் எழுதுங்கள்.