கூளையனின் தவிப்பு வயதினாலா, சாதியினாலா?

முகிலன், ஈரோடு:
பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை (2000) இரண்டாம் முறை முடித்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: மேட்டாங்காட்டில் ஒரு கவுண்டர் பண்ணையம், அங்கே ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் கூளையன், கூடவே திரியும் பண்ணயக்காரர் மகன் செல்வன். எல்லோரும் இதைச் சாதிக் கொடுமை நாவல் என்றே பேசுகிறார்கள். எனக்கென்னவோ இது விடலைப் பருவத்தின் கதை. விளையாட்டை விடவும் மனசில்லை, பெரிய ஆளாகவும் ஆசை. இந்த இழுபறி எந்தப் பையனுக்கு இல்லை?

கொறங்காட்டான், காங்கேயம்:
பெரிய ஆளாக ஆசையா? எந்தப் பெரிய ஆளாக? செல்வனுக்கு மீசை அரும்பினால் அவன் கவுண்டர். கூளையனுக்கு அரும்பினால் ஆடு போய் மாடு வரும், ஏர் வரும். வருசம் ஒன்றுதான், அது ஒருத்தனை மேலே தூக்கி மற்றவனைக் கீழே அழுத்துகிறது. இதற்குப் போய் 'வளரிளம் பருவம்' என்று பேர் வைக்காதீர்கள்.

முகிலன்:
அவன் மனசுக்குள் நடப்பதைச் சொன்னேன் தோழர், கூலியை இல்லை. அவனை வெறும் பாதிக்கப்பட்டவனாகப் பார்த்தால் அவன் குறும்பு, பொறாமை, செல்வன் மேலுள்ள பாசம் எல்லாம் காணாமல் போய்விடும். அதுவும் ஒரு அநியாயம்தான்.

நாமக்கல் டீச்சர்:
முகிலன், தமிழில் படித்தீர்களா, இங்கிலீஷிலா? வ.கீதா மொழிபெயர்ப்பில் தலைப்பு 'சீசன்ஸ் ஆஃப் தி பாம்', கூளையன் அங்கே 'ஷார்ட்டி'. பனையையும் பருவத்தையும் அட்டையில் போட்டால் பையன் வளர்கிற கதையாகத்தான் தெரியும். தமிழ்த் தலைப்பில் 'கூளை' அவன் குட்டை உடம்பு, 'மாதாரி' அவன் சாதி. ஆறடி வளர்ந்தாலும் அவன் கூளையன்தான். (எங்கள் ஊரிலும் ஒரு கூளையன் இருந்தார். அறுபது வயதில்தான் அவருடைய சொந்தப் பெயரே எனக்குத் தெரிந்தது, அதுவும் ரேஷன் கார்டைப் பார்த்து.)

முகிலன்:
இங்கிலீஷில்தான் முதலில் படித்தேன். சரி, அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

கொறங்காட்டான்:
சொந்தக் கதை ஒன்று. 1970வாக்கில் எங்கள் அப்பா ஒரு தோட்டத்தில் ஆடு மேய்த்தார். தாத்தா வாங்கின கடனுக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976ல்தான். தோட்டத்துக்காரர் மகனுக்கும் அப்பா வயதுதான், கிணற்றில் ஒன்றாகக் குதிப்பார்களாம். ஒரு நாள் அந்தப் பையனின் அம்மா கூப்பிட்டு, "இனிமே பேர் சொல்லாதடா, சின்னக் கவுண்டரேன்னு கூப்பிடு" என்றாராம். அப்பாவுக்கு வாய் வரவில்லை. பேரும் சொல்லாமல் கவுண்டரே என்றும் சொல்லாமல், ஒரு மாசம் கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டி அடித்தே கூப்பிட்டிருக்கிறார்.

முகிலன்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! அந்தச் சீட்டிதான் மனப் போராட்டம். பழசை விடவும் முடியவில்லை, புதுசைச் சொல்ல வாயும் வரவில்லை.

கொறங்காட்டான்:
போராட்டம்தான், யார் மறுத்தது? ஆனால் அந்த மகனுக்கு அப்படி ஒரு மாசம் தேவைப்பட்டதா? சோறு தின்று வளர்ந்தார், பட்டம் தானாக வந்து சேர்ந்தது. எந்தப் பையனுக்கு இல்லை என்று முதலில் கேட்டீர்களே, அவருக்கு இல்லை.

நாமக்கல் டீச்சர்:
செல்வனுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாவலில் வரும் அந்தக் கிணறு வரைக்கும் படித்துவிட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முடிவை இங்கே போட்டு உடைக்க வேண்டாம், புதிதாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

முகிலன்:
கொறங்காட்டான், ஒன்று கேட்கலாமா? சீட்டி அடித்தால் அந்தப் பையன் வந்தாரா?

கொறங்காட்டான்:
மூன்று வாரம் வந்தாராம். அப்புறம் ஒரு நாள், "நாயைக் கூப்பிடற மாதிரி கூப்பிடாதே" என்றிருக்கிறார். அன்றைக்குப் பொழுது சாய, ஆட்டைப் பட்டியில் அடைக்கும்போது, அப்பா அவரைச் சின்னக் கவுண்டரே என்று கூப்பிட்டுவிட்டார்.