காலையில் மட்டும் எஞ்சின் குலுங்குகிறது, அவசர உதவி வேண்டும்

லீக்ஸ்தோட்டம் (செவ்வாய், காலை 6.40)
வணக்கம். என் டபுள் கேப் இரண்டு வாரமாகக் காலையில் நின்றபடி ஓடும்போது பயங்கரமாகக் குலுங்குகிறது. ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் ஆடுகின்றன. ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இரண்டும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. வெள்ளிக்கிழமை தம்புள்ளைக்கு கரட் லோட் இருக்கிறது. என்ன காரணம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மன்னார்வீதி (காலை 7.05)
பிளக் நான்கையும் மாற்றுங்கள். கார்பரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவிப் போடுங்கள். என்னிடமும் டொயோட்டாவின் பழைய 22ஆர் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது, இதே மாதிரித்தான் ஆடியது. வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தாலும் இப்படி ஆடும், அதையும் பாருங்கள்.

பழைய டீசல் (காலை 7.31)
இங்கே பதினைந்து வருடமாகப் பதில் எழுதுகிறேன். வாகனம் எது, எஞ்சின் எது, எந்த வருடம், பெட்ரோலா டீசலா என்று ஒரு சொல் இல்லாமல் "என்ன காரணம்" என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அது தெரியாமலே, பெட்ரோல் எஞ்சினில் மட்டும் உள்ள கார்பரேட்டரைக் கழுவச் சொல்வது அதைவிடப் பிழை. முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள்.

வவுனியா கராஜ் (காலை 8.10)
தம்பி, அவசரத்தில் எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. நான்கு விஷயம் சொல்லுங்கள். டீசலா, என்ன எஞ்சின்? குலுங்கும்போது புகை என்ன நிறம்? சூடான பிறகு ஒரு துளியும் ஆடவில்லையா? கடைசியாக, இது தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வாகனத்தில் யார் என்ன வேலை செய்தார்கள்? சின்ன வேலையாக இருந்தாலும் எழுதுங்கள்.

லீக்ஸ்தோட்டம் (காலை 8.22)
டீசல்தான் அண்ணா. டொயோட்டா ஹைலக்ஸ், 94ஆம் வருடம், 3எல் என்ற எஞ்சின். புகை வெள்ளை, கண் எரியும். சூடானால் ஒன்றும் இல்லை. மற்றபடி வாகனம் நல்ல நிலை.

அட்டன்சந்தி (காலை 8.45)
அப்படியென்றால் ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்தான், சந்தேகமே இல்லை. காலையில் மட்டும், வெள்ளைப் புகை, கண் எரிச்சல்: எரியாத டீசல் அப்படியே வெளியே வருகிறது. நான்கில் ஒன்றோ இரண்டோ செத்திருக்கும். அந்தச் சிலிண்டர் சூடாகும் வரை வேலை செய்யாது, மற்ற மூன்றும் இழுக்கும், அதனால்தான் ஆட்டம். பிளக்குகளின் மேல் ஓடும் பித்தளைப் பட்டியைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸிலிருந்து ஒரு டெஸ்டர் பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்ப் எரியாத பிளக் செத்தது. ஐந்து நிமிட வேலை.

கோண்டாவிலான் (காலை 9.20)
ஹீட்டர் பிளக்கா? யாழ்ப்பாணத்தில் பாதி வாகனங்கள் ஹீட்டர் வயரே இல்லாமல் ஓடுகின்றன, ஒன்றும் குலுங்குவதில்லை. இது டைமிங் பெல்ட். 3எல்-இல் ஒரே பெல்ட் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் டீசல் பம்பையும் சுற்றுகிறது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டீசல் பிந்தி விழும், வெள்ளைப் புகை வரும். என் மாமாவின் வாகனத்தில் இதைத்தான் பார்த்தேன். பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?

அட்டன்சந்தி (காலை 9.34)
யாழ்ப்பாணத்து வெயிலில் ஓடுவதை வைத்து மலைநாட்டுக்குக் கணக்குப் போடக் கூடாது. தம்பி லீக்ஸும் கரட்டும் விளையும் நுவரெலியாப் பக்கம்தான் போலிருக்கிறது; அந்த நகரமே 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலையில் தண்ணீர்க் குழாயைத் தொட முடியாது. அதோடு இந்த எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டனின் மேல் விழுவதில்லை. ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் விழுந்து சுழல்கிறது. குளிர்ந்த அறைச் சுவர் சூட்டைக் குடித்துவிடும். கொழும்பிலும் இந்த எஞ்சினுக்கு ஹீட்டர் வேண்டும், செல்ப் நீளமாக அடித்துத்தான் பலர் சமாளிக்கிறார்கள்.

கோண்டாவிலான் (காலை 9.50)
இருபது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் நீளமாக அடித்ததில்லை.

பழைய டீசல் (காலை 10.15)
இரண்டு பேரும் அளக்காமல் பேசுகிறீர்கள். முப்பது வருட எஞ்சின் என்றால் முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம். 3எல் புதிதாக இருக்கும்போது சதுர சென்ரிமீட்டருக்கு 32 கிலோ அளவு காட்டும். 20-க்குக் கீழே இறங்கினால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். ஒரு சிலிண்டருக்கும் மற்றதற்கும் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் ஐட்லிங்கில், அதாவது நின்றபடி ஓடும்போது, ஆடும். டீசல் கேஜ் உள்ள கராஜுக்குப் போங்கள், பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. எந்தச் சிலிண்டர் என்று அறிய, எஞ்சின் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளை 17 ஸ்பேனரால் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இவையெல்லாம் அடிப்படைப் பாடம்.

வவுனியா கராஜ் (காலை 10.28)
நட்டைத் தளர்த்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிக் குத்திய ஒருவரின் விரலை நான் பார்த்திருக்கிறேன். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே அழுகத் தொடங்கிவிடும். குத்தினால் உடனே ஆஸ்பத்திரி.

மட்டுவாவி (பகல் 12.02)
யாரும் டீசலைப் பற்றிக் கேட்கவில்லையே. மண்ணெண்ணெய் கலந்த டீசலாக இருக்கலாம். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பீப்பாயில் வாங்கியவர்கள் எத்தனை பேர் பம்ப் மாற்றினார்கள் தெரியுமா? இந்த வகை பம்புக்குத் தனியாக எண்ணெய் இல்லை, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு வழுக்கு. மண்ணெண்ணெய் மெல்லியது, உலோகம் உலோகத்தோடு உரசும்.

கோண்டாவிலான் (பகல் 12.20)
மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் இரண்டு சில்லு உழவு இயந்திரம் அந்த வருடம் முழுக்கப் பாதிக்குப் பாதி கலந்து ஓடியது, இன்றும் ஓடுகிறது.

மட்டுவாவி (பகல் 12.41)
அந்தப் பம்பும் இதுவும் ஒன்றா? உழவு இயந்திரத்தில் ஒரே சிலிண்டர், டீசலைத் தள்ளும் தடித்த ஒற்றை பிளஞ்சர். இங்கே ஒரே பிளஞ்சர் சுழன்றுகொண்டே நான்கு சிலிண்டருக்கும் பங்கு பிரிக்கிறது. தேய்ந்தால் ஐட்லிங்கில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் அப்போது போகும் டீசல் அளவு அவ்வளவு சிறியது. ஒரு துளி குறைந்தாலும் ஆடும்.

மன்னார்வீதி (பகல் 1.10)
சுப்பர் டீசல் ஊற்றினால் சரியாகுமா? விலை அதிகம்தான், ஆனால் சுத்தம் என்கிறார்களே.

மட்டுவாவி (பகல் 1.25)
இல்லை. சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, அதனால் புகை கொஞ்சம் குறையலாம். குலுக்கலை அது நிறுத்தாது. காசை வீணாக்க வேண்டாம்.

வவுனியா கராஜ் (பகல் 2.00)
தம்பி, என் கடைசிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அதுதான் முக்கியம். இன்னும் மூன்று கேட்கிறேன். காலையில் ஒரே செல்ப்பில் ஸ்டார்ட் ஆகிறதா, இழுக்கிறதா? ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்தே ஆடுகிறதா, கொஞ்சம் நன்றாக ஓடிவிட்டு ஆடுகிறதா? இரவில் எப்படி நிறுத்துகிறீர்கள், சமதரையா, மேடா?

லீக்ஸ்தோட்டம் (மாலை 5.48)
இப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்தேன். ஒரே செல்ப்பில் ஸ்டார்ட் ஆகும். முதல் பத்து, பதினைந்து செக்கன் நன்றாக ஓடும், அப்புறம்தான் ஆட்டம். சில நாள் நின்றும்விடும். எங்கள் வீடு மேட்டில், வாகனத்தின் முன்பக்கம் மேலே பார்த்தபடி நிற்கும். பெல்ட் போன வருடம் மாற்றியது, அதன் பிறகு பன்னிரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் டீசல் ஃபில்டர் மாற்றினேன். புதியதுதானே என்று அதை எழுதவில்லை.

வவுனியா கராஜ் (மாலை 6.30)
இதைத்தான் தேடினேன். ஹீட்டர் பிளக் செத்திருந்தால் செல்ப் இழுத்திருக்கும், முதல் செக்கனிலேயே ஆடியிருக்கும். உங்களுடையது பம்புக்குள் மீந்திருந்த டீசலில் நன்றாக ஓடிவிட்டு, காற்று வந்து சேர்ந்ததும் தடுமாறுகிறது. இந்த வாகனத்தில் டாங்கிக்குள் மோட்டார் இல்லை. முன்னால் உள்ள பம்ப்தான் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அதனால் குழாயில் எங்காவது இடைவெளி இருந்தால் டீசல் வெளியே ஒழுகுவதைவிட, காற்று உள்ளே போவதுதான் நடக்கும். வெளியே ஈரம் தெரியாது, எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். இரவில் மூக்கு மேலே இருந்தால் டீசல் மெல்லப் பின்னால் டாங்கிக்கு இறங்கிவிடும், அந்த இடத்தில் காற்று நிற்கும். டாங்கி பாதிக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசமாகும்.

காசில்லாத சோதனை முதலில். இன்றிரவு வாகனத்தைத் திருப்பி மூக்கை இறக்கத்துக்கு வைத்து நிறுத்துங்கள், டயருக்குக் கல் வையுங்கள். காலையில் குலுங்காவிட்டால் காற்றுதான். இன்னொன்று: நீங்கள் நிறுத்தும் வழக்கமான மேட்டில் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் ஃபில்டரின் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். பஞ்சு மாதிரிப் பத்து, பதினைந்து தடவை இறங்கினால் உள்ளே காற்று. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் மாட்டினால் குமிழி கண்ணுக்கே தெரியும்.

ஃபில்டரின் அடியில் தண்ணீர் காட்டும் சென்சர் திருகியிருக்கும். ஃபில்டர் மாற்றும்போது பழையதிலிருந்து அதைக் கழற்றிப் புதியதில் பூட்ட வேண்டும், அதற்கு ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய ஓ-ரிங்கையே போடுகிறவர்கள் அதிகம். பதினைந்து வருடத்தில் ரப்பர் எலும்பு மாதிரி இறுகியிருக்கும், திரும்பப் பூட்டினால் அடைக்காது. முதலில் அங்கே பாருங்கள். பிறகு கைப்பம்பின் ரப்பர், ஹோஸ் கிளிப்புகள், இன்ஜெக்டர்களின் மேல் ஓடி, மீந்த டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸ். இதெல்லாம் பார்த்த பிறகுதான் கம்ப்ரெஷன்.

அட்டன்சந்தி (மாலை 6.52)
சரி, ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டுத்தான் ஆடுகிறது என்று முதலிலேயே எழுதியிருந்தால் நானும் ஹீட்டர் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் பிளக்குகளைச் சோதித்துவிடுங்கள், மலைநாட்டில் அவை நல்ல நிலையில் இருக்கத்தான் வேண்டும்.

பழைய டீசல் (மாலை 7.15)
காற்றாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஐட்லிங் ஸ்குரூவை ஏற்றிக் குலுக்கலை மறைக்கும் வேலையை மட்டும் எந்த மெக்கானிக் பாஸ் சொன்னாலும் செய்யாதீர்கள். முப்பது வருட எஞ்சினுக்கு கம்ப்ரெஷன் ஒருமுறை பார்ப்பது நல்லது என்பதில் மாற்றமில்லை.

லீக்ஸ்தோட்டம் (இரவு 8.03)
சரி அண்ணா. இன்றிரவு இறக்கத்தில் நிறுத்துகிறேன்.

கோண்டாவிலான் (புதன், காலை 9.10)
என்ன ஆனது? ஒரு வருடம் ஓடியதென்றால் பெல்ட்டை மாட்டியது சரிதான் போலிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி.

மட்டுவாவி (புதன், காலை 9.40)
உங்கள் உழவு இயந்திரத்தின் பம்பைக் கழற்றி பிளஞ்சரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு கோடாகத் தேய்ந்திருக்கும். வயலில் ஒரே வேகத்தில் ஓடுவதால் உங்களுக்குத் தெரியவில்லை.

கோண்டாவிலான் (புதன், காலை 9.58)
ஓடும் இயந்திரத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?

வவுனியா கராஜ் (வியாழன், மாலை 4.30)
தம்பி, நாளைக்கு லோட் என்றீர்கள். பார்த்தீர்களா?

லீக்ஸ்தோட்டம் (சனி, இரவு 9.12)
இறக்கத்தில் நிறுத்திய அன்று ஆட்டமே இல்லை. சென்சர் ஓ-ரிங்தான், விரலால் வளைத்ததும் இரண்டாக உடைந்தது. டீசலுக்கு நிற்கும் ரப்பராகக் கேட்டு வாங்கிப் போட்டேன். தம்புள்ளை போய் வந்தாயிற்று. மேட்டில்தான் நிற்கிறது, நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

வவுனியா கராஜ் (சனி, இரவு 9.40)
நல்லது தம்பி. கைப்பம்பின் ரப்பரும் அதே வயதுதானே, அதை மாற்றினீர்களா? ரிட்டர்ன் ஹோஸ்?

மன்னார்வீதி (ஞாயிறு, காலை 7.15)
என் 22ஆர் சூடான பிறகுதான் ஆடுகிறது. யாராவது சொல்ல முடியுமா?