ஓணச் சரக்கு எடுக்கச் செங்கோட்டைக்கு வருவது ஏன் குறைந்தது?

செங்கோட்டை_ஜவுளி:
ஓணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து துணிமணி அள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது சேலையை விரிக்கச் சொல்லி, செல்போனில் படம் பிடித்து, அதே சேலை ஆன்லைனில் என்ன விலை என்று என் கண் முன்னாலேயே தேடுகிறார்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் காட்டுவது நான், வாங்குவது அங்கே. இது நியாயமா?

ஆரியங்காவு_எஸ்டேட்:
அண்ணாச்சி, எனக்குக் கால் அளவு 11. தென்காசி முழுக்க ஏறி இறங்கினாலும் பத்துக்கு மேல் கிடையாது, ‘போடப் போட இளகிவிடும்’ என்று ஒரு கடையில் பத்தையே தலையில் கட்டினார்கள், குதிகாலில் கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. போனில் தேடினேன், அளவு சரியாக வந்தது. அப்புறம் இன்னொன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்பதே போய்விட்டது. விலைக்காக எல்லையில் இருக்கும் கோட்டைவாசலைத் தாண்டும் காரணம் அங்கேயே குறைந்துவிட்டது, எல்லாப் பழியையும் போன் மேல் போடாதீர்கள்.

மேக்கரை_அக்கா:
தம்பி, முன்பெல்லாம் தேவை வந்த பிறகுதான் கடைக்குப் போவோம். இப்போது ராத்திரி 11 மணிக்குப் படுத்துக்கொண்டே ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’ என்பதைப் பார்த்துப் பதறி வாங்குகிறோம். என் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத டப்பா மூன்று கிடக்கிறது. இப்படிப் பொய் அவசரம் காட்டுவது உட்பட 13 தந்திரங்களை 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. நிற்கவா செய்கிறது?

ஆரியங்காவு_எஸ்டேட்:
‘கடைசி பீஸ், விட்டால் கிடைக்காது’ என்று ஜவுளிக்கடையில் சொல்வதில்லையா அக்கா? அங்கே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று போர்டு வேறு தொங்கும். போனில் வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பலாம்.

செங்கோட்டை_ஜவுளி:
என் கடையில் அந்தப் போர்டு கிடையாது. சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் துணியை நோட்டில் பற்று எழுதித்தான் கொடுத்தேன். எந்த ஆப் உங்கள் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கும்?

ஆரியங்காவு_எஸ்டேட்:
உண்மைதான், என் அப்பா பெயரும் ஒரு கடை நோட்டில் இருந்தது. ஆனால் பற்று வைத்த கடையில் விலை கூடுதல் என்று கேட்க அவருக்கு வாய் வராது, வேறு கடையில் வாங்கினால் பையை மறைத்துக்கொண்டுதான் அந்தத் தெருவைத் தாண்டுவார். அண்ணாச்சி, அந்தக் கூச்சம் எனக்கு வேண்டாம்.

செங்கோட்டை_ஜவுளி:
சரி தம்பி, அதை நான் யோசித்ததில்லை. போனிலேயே வாங்குங்கள். வாங்குகிற எண்ணம் இல்லாதபோது பத்துச் சேலையை மட்டும் விரிக்கச் சொல்லாதீர்கள், திரும்ப மடித்து அடுக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது.