80 மீட்டரில் கேட்கிறது, போய்ச் சேரவில்லை: தூண்டில் கம்பில் கட்டிய ஆன்டெனா

பிடோக்வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மின்தூக்கியும் எல்இடி விளக்குகளும் எழுப்பும் இரைச்சலில் அமெச்சூர் வானொலியின் 80 மீட்டர் அலைவரிசை முழுவதும் மூழ்கிவிடுவதால், உரிம நிபந்தனைகளைச் சரிபார்த்த பின், மூன்று சனிக்கிழமைகளாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடற்கரையிலிருந்து சென்னையை எட்ட முயன்று வருகிறேன். 10 மீட்டர் நீளும் தூண்டில் கம்பில் செப்புக் கம்பியைச் சுற்றி, மணலில் நான்கு தரைக்கம்பிகளைப் பரப்பி, டியூனர் (ஆன்டெனாவை வானொலிக்கு இசைவாக்கும் பெட்டி) வழியாக 20 வாட் அனுப்புகிறேன். எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் சிறப்பு) 1.2 தான். 3573 கிலோஹெர்ட்சில் எஃப்டி8 முறையில் (கணினிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் முறை) சென்னை நிலையங்கள் −9 வரை (இரைச்சலோடு ஒப்பிட்ட வலிமை, டெசிபெலில்) தெளிவாக வருகின்றன. ஆனால் என் அழைப்புக்கு ஒருவரும் பதில் தருவதில்லை. என்னைக் கேட்டதாகப் பதிவாகியிருப்பது ஜோகூரில் ஒரே ஒரு நிலையம்.

சாங்கி_ஹாம்:
கணினியின் கடிகாரம் இரண்டு விநாடி பிசகினாலும் எஃப்டி8 வேலை செய்யாது. அதைப் பாருங்கள்.

பிடோக்வாசி:
பார்த்துவிட்டேன், பிசகு 0.2 விநாடிதான்.

பழைய_மோர்ஸ்:
தம்பி, எஸ்டபிள்யூஆர் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். வெறும் மின்தடையை இணைத்தாலும் டியூனர் அதே 1.2-ஐக் காட்டும். 3.5 மெகாஹெர்ட்சில் 10 மீட்டர் கம்பியின் கதிர்வீச்சுத் தடை (ஆற்றலை அலையாக மாற்றும் பங்கு) ஏறத்தாழ 5 அல்லது 6 ஓம் மட்டுமே. தரையிலும் கம்பிச்சுருளிலும் 30 ஓம் இழப்பு இருந்தால், உங்கள் 20 வாட்டில் 3 வாட்தான் வானேறும், மீதி மணலைச் சூடாக்கும். கேட்கும்போது இந்தக் குறை தெரியாததற்குக் காரணம், அந்த இழப்பு வரும் சமிக்ஞையையும் வானத்து இரைச்சலையும் ஒரே அளவில் குறைப்பதுதான்.

ஒன்று கேட்கிறேன்: அந்தக் கம்பு எதனால் ஆனது? கடையில் விற்கும் பல தூண்டில் கம்புகள் கார்பன் இழையால் ஆனவை, அது மின்சாரத்தைக் கடத்தும். அதன்மேல் கம்பியைச் சுற்றினால் ஆற்றலில் ஒரு பங்கைக் கம்பே விழுங்கிவிடும். வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மின்தடை அளக்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள். தரைக்கம்பிகளின் முனைகளை ஈர மணலில் விடாமல் கடல்நீரிலேயே இறக்குங்கள்; உப்புநீர் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கடத்தும். டியூனரை கேபிளின் மறுமுனையில் வைக்காமல் கம்பியின் அடியிலேயே வையுங்கள். கம்பி குட்டையாக இருப்பதை ஈடுகட்ட அடியில் ஒரு கம்பிச்சுருளும் வேண்டும்: 50 மி.மீ. பிவிசி குழாயில் 6 செ.மீ. நீளத்துக்கு 30 சுற்றுகள் சுற்றினால் ஏறத்தாழ 27 மைக்ரோஹென்றி (சுருளின் தூண்டல் அளவு) கிடைக்கும்; அங்கிருந்து குறைத்துக்கொண்டே வரலாம்.

சாங்கி_ஹாம்:
நேரத்தையும் கவனியுங்கள். சென்னையில் பொழுது சாயும்போது நமக்கு இரவு எட்டரை மணி ஆகிவிடும். அதற்கு முன் அந்தப் பக்கத்து டி அடுக்கு (பகலில் வளிமண்டலத்தின் மேலே உருவாகும் மின்னேற்ற அடுக்கு) இந்த அலைகளை உறிஞ்சிவிடும். இடி கேட்டால் கம்பை உடனே இறக்கிவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். சுற்றிலும் உயரமாக நிற்பது அது ஒன்றுதான்.

பிடோக்வாசி:
ஐயா சொன்னது சரி. சுரண்டிய இடத்தில் மீட்டர் சில ஓம்களையே காட்டியது. அம்மாவிடம் கெஞ்சி, துணி காயப்போடும் மூங்கில் கழிகள் மூன்றை வாங்கி ஒன்றாகக் கட்டினேன். (டாக்சி ஓட்டுநர் ஏற்ற மறுத்ததால் பூங்காவரை தோளில் சுமந்தேன்.) உயரம் 8 மீட்டரைத் தாண்டவில்லை, மிச்சக் கம்பியை உச்சியிலிருந்து சரிவாக இழுத்துக் கட்டினேன். தரைக்கம்பிகள் அலையில் நனைந்துகொண்டிருந்தன, எஸ்டபிள்யூஆர் முன்பைவிட மோசம், 1.8. ஆனால் ஒன்பது மணிக்குச் சென்னை நிலையம் ஒன்று என் அழைப்புக்குறியோடு −18 என்று பதில் அனுப்பியது. நான் என் அறிக்கையை அனுப்பிவிட்டு அவருடைய ஆர்ஆர்73-க்காக (கிடைத்தது என்னும் உறுதிச் செய்தி) காத்திருந்தபோது தெற்கே இடி உறுமியது. கழியை இறக்கிவிட்டு ஒதுங்கிவிட்டேன். இதைத் தொடர்பாகக் கணக்கில் கொள்ளலாமா?

பழைய_மோர்ஸ்:
கூடாது தம்பி. பதிவேட்டில் அந்த வரியைக் காலியாக விடுங்கள். கழிகளை அம்மாவிடம் இப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.