கோயில் வேலை முடிவதே இல்லை, மனசு இளைப்பாற என்ன வழி?

தேரிக்காட்டு டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரி மணல் ஆரம்பிக்கிற பக்கம் எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. சபை. நான் பிறந்து வளர்ந்து, ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் கல்யாணமும் நடந்தது எல்லாம் இதே கோயிலில்தான். இப்போது ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். பாடகர் குழுவில் இருக்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலர். போன சபைத் தேர்தலில் கமிட்டியிலும் பேரைச் சேர்த்துவிட்டார்கள். வாரநாளில் பள்ளிக்கூடம்.

ஞாயிறு முதல் மணி அடிக்கும்போது நான் கோயிலுக்குள் இருப்பேன். பீடத்துத் துணி மாற்றி, பூ வைத்து, பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் கேட்டு முடிப்பதற்குள் இரண்டாம் மணி. ஆராதனை முடிந்ததும் கைப்பிடி அரிசி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து, அதை ஞாயிறு அன்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்துவிடாமல் தனித்தனிச் சாக்கில் கொட்டி, அளந்து, விற்று, ரூபாயைக் கணக்கில் எழுத வேண்டும். கண் தெரியாத ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவருகிற அரிசியை வாங்கும்போது இன்னமும் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த வேலையை நான் வெறுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிரச்சினை வேறு. போன மாதம் திருவிருந்துக்கு முழங்காலில் இருந்தேன். ஐயா, அதாவது எங்கள் குருவானவர், அப்பத்தைக் கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். என் மனசு முழுக்கப் பண்டிகை அசனத்துக்கு (சபையார் எல்லோருக்கும் போடும் விருந்து) இலைக்கட்டு சொல்லியாச்சா, சமையல்காரருக்கு முன்பணம் யார் கொடுப்பது என்பதிலேயே இருந்தது. கிண்ணம் வந்து போனதுகூடச் சரியாக நினைவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் வீட்டுக்காரர் பயந்துபோய்விட்டார்.

இதோடு தேர்தலுக்குப் பிறகு ஊரில் இரண்டு அணி. சமாதான வாழ்த்துச் சொல்லும்போதுகூட யார் யாருக்குக் கை கொடுத்தார்கள் என்று பார்க்கிறார்கள். ராத்திரி படுத்தால் அந்த முகங்கள்தான் வருகின்றன. மொபைலில் எத்தனையோ தேவ செய்திகள் கேட்டுப் பார்த்தேன். கேட்கும்போது நன்றாக இருக்கிறது, அணைத்ததும் பழையபடிதான்.

“வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்” என்ற இயேசுவின் வசனம் எங்கள் கோயில் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பாரத்தில் பாதியை அந்தக் கோயிலில் இருந்துதான் சுமந்துகொண்டு வருகிறேன் என்றால் நான் எங்கே போவது? வேலையை விட்டால் ஆண்டவரை விட்டதாகுமா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், நடைமுறையில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். “ஜெபியுங்கள்” என்று மட்டும் எழுத வேண்டாம், தயவுசெய்து.

---

எழுப்புதல் தாகம்:

சகோதரி, உங்கள் கண்ணீரைக் கர்த்தர் காண்கிறார். எங்கள் குடும்பமும் உங்களைப் போலப் பரம்பரைச் சபையில் இருந்தவர்கள்தான். தேர்தல், கோர்ட், கேஸ் என்று அலுத்துப்போய் வெளியே வந்தோம். இப்போது போகிற சபை சின்னது, தகரக் கூரை, ஆனால் சண்டை இல்லை. ஆராதனையில் நேரம் போவதே தெரிவதில்லை. நீங்களும் ஒரு முறை வேறு இடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். வசனத்தில் கோயிலிடம் வாருங்கள் என்று இல்லை, “என்னிடத்தில் வாருங்கள்” என்றுதான் இருக்கிறது.

---

தேரிக்காட்டு டீச்சர்:

அன்போடு எழுதியதற்கு நன்றி அண்ணன். ஆனால் என்னால் முடியாது. அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் போய்விட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? சபையை விட எனக்கு மனசில்லை. அதற்குள்ளேயே மூச்சு விட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

---

வார்டு நர்ஸ்:

அக்கா, ஆவிக்குரிய பதில் மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஒன்று கேட்கிறேன், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு ரத்தசோகை ரொம்ப சாதாரணம். சோர்வை எல்லாம் விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இழுப்பவர்களை வார்டில் பார்க்கிறேன். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு “போதும் கர்த்தாவே” என்ற எலியா தீர்க்கதரிசிக்கு தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடி படுத்துக்கொண்டார், அதற்கும் விட்டான். திரும்ப எழுப்பித் திரும்பவும் சாப்பாடுதான்.

---

ஓய்வுபெற்ற குருவானவர்:

மகளே, உன் கடிதத்தை என் வீட்டம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். “இந்தப் பிள்ளை என் கதையை எழுதியிருக்கிறாளே” என்றாள். ஐயரம்மாக்களுக்கு, குருமார் மனைவிகளுக்கு, இந்தக் களைப்பு நன்றாகத் தெரியும்.

பல சேகரங்களில் (ஒரு குருவானவரின் கீழ் இருக்கும் சபைகள்) இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சபையில் நோயாளி வீட்டுக்குப் போவோம், சாவு வீட்டுக்குப் போவோம், கோயிலுக்கு வராதவர் வீட்டுக்குப் போவோம். எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவர் வீட்டுக்கு மட்டும் யாரும் வீடு சந்திக்கப் போவதில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்று முடிவு பண்ணிவிடுகிறோம். ஆகவே முதல் காரியம், உங்கள் ஐயாவிடம் நேரில் போ. இங்கே எழுதியதை அப்படியே சொல். அவரை உன் வீட்டுக்கு வந்து ஜெபிக்கச் சொல். கமிட்டி விஷயம் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

இரண்டாவது, ராஜினாமா கொடுக்காதே, விடுப்புக் கேள். இந்தச் சமயத்தில் ராஜினாமா கொடுத்தால் ஒரு அணி கொண்டாடும், மற்ற அணி உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்தில், தேதி போட்டு விடுப்பு கேள். எந்த வேலையை யாரிடம் கொடுக்கிறாய் என்பதையும் அதிலேயே எழுது. மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்ததைப் பார்த்து “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்று சொன்னது மாமனார் எத்திரோ. செய்தது கடவுள் வேலைதான். ஆனாலும் அப்படிச் செய்தால் அவரும் தொய்ந்துபோவார், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஒரே ஆள் பத்து வேலை செய்கிற சபையில் மற்றவர்களுக்குக் கை வராமலேயே போய்விடும். அரிசி அளக்க உன் ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்த பெண்பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டு பேராகப் பார்த்துக் கொடு, கணக்கு சுத்தமாக இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். விடுப்பு நாளில் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதே. பாடகர் குழுவில் உட்காராமல், பின்னால் கைப்பிள்ளைக்காரிகள் உட்காரும் இடத்தில் போய் உட்கார். பாட முடிந்தால் பாடு, முடியாவிட்டால் சும்மா இரு. உனக்காக மற்றவர்கள் பாடட்டும். விசுவாசப் பிரமாணம் சொல்ல வாய் வராத நாளிலும் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூடி வருவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். எவ்வளவு நல்ல செய்தியானாலும் மொபைலில் தனியாகக் கேட்கும்போது இது கிடைப்பதில்லை.

நம் பக்கத்து ஊர்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார். முதலூர் உங்களுக்குப் பக்கம்தான். புதிதாக விசுவாசத்துக்கு வந்து அடி உதை பட்டவர்கள் பயமில்லாமல் இருப்பதற்காக, தாவீது சுந்தரானந்தம் உபதேசியார் காலத்தில், 1799ல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது. அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குக் கமிட்டியும் இல்லை, பதவியும் இல்லை. ஒதுங்க ஒரு இடம் வேண்டும் என்று வந்தார்கள். நீயும் அந்த உரிமையோடு போய் உட்காரலாம்.

டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951ல் சாகும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயேதான் இருந்தார். அதுவரை ஓடியாடிப் பிள்ளைகளை மீட்டவர். அந்த இருபது வருஷமும் ஆண்டவர் அவரைத் தள்ளிவிட்டார் என்று யாராவது சொல்வார்களா? வேலையை விட்டால் ஆண்டவரை விட்டதாகுமா என்று கேட்டாயே, அதற்காகத்தான் இதை எழுதினேன்.

---

கடலோரத்தான்:

டீச்சர், நான் ஆர்.சி. உங்கள் சபை ஒழுங்கு எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து மணப்பாடு கிட்டத்தான். மணல் குன்றின் மேல் 1581ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. அதற்குக் கீழே, கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் அங்கே தங்கி ஜெபித்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்த மனுஷனுக்கே தனியாக ஒரு குகை தேவைப்பட்டிருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டி வந்தால் கூட்டம் தாங்காது. சாதாரண வாரநாளில் வாருங்கள். யாரும் உங்களை எந்தச் சபை என்று கேட்க மாட்டார்கள், எந்த வேலையும் சொல்ல மாட்டார்கள்.

---

தேரிக்காட்டு டீச்சர்:

பதில் எழுத நாளாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நர்ஸ் தங்கச்சி சொன்ன டெஸ்ட் எடுத்தேன். ரத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் ஐயா வீட்டுக்கு வந்தார். கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி குடித்துவிட்டு எங்களோடு ஒரு சங்கீதம் வாசித்து, என் பேரைச் சொல்லி ஜெபித்தார். என் பேரைச் சொல்லி ஒருவர் ஜெபிப்பதை நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் விடுப்பு. ஞாயிறு பள்ளியை மட்டும் விட மனசில்லை என்றேன், அதுவும் ஒரு மாதம் வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் ஞாயிறு பின்னால் போய் உட்கார்ந்தேன். லேசாக இல்லை. “என்னத்தா, உடம்புக்கு என்ன?” என்று மதினிமார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் பாடம் வாசித்த பையன் ஒரு வசனத்தை விட்டுவிட்டான், எழுந்து போய்த் திருத்த வேண்டும் போலக் கை பரபரத்தது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டு இருந்ததில் கீர்த்தனை பாதி ஓடிவிட்டது. அப்புறம் திருவிருந்து. இந்தத் தடவை கிண்ணம் வந்தது எனக்குத் தெரிந்தது.

எதிர் அணி அக்கா ஒருத்தி கோயில் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ராத்திரி தூக்கம் முன்னைவிடப் பரவாயில்லை.

கடலோர அண்ணனுக்கு ஒரு கேள்வி. நானும் என் வீட்டுக்காரரும் பள்ளி லீவில் மணப்பாடு வரலாம் என்றிருக்கிறோம். குகை நாள் முழுக்கத் திறந்திருக்குமா? மாமியாருக்கு முழங்கால் வலி, படி எவ்வளவு ஏற வேண்டும்?

---

கடலோரத்தான்:

தாராளமாக வாங்க டீச்சர். நேரம் ஊருக்குள் வந்து விசாரித்துக்கொள்ளலாம். எதற்கும் காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் மணல் சுடும். அம்மா மேலே ஏற வேண்டாம், கீழே கடல் காற்றில் உட்கார்ந்திருக்கட்டும். துணைக்கு எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். வருகிற அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு, மீன் குழம்பு. நீங்கள் ஒரு வேலையும் செய்யக் கூடாது.