தன்பாலின இணையருக்கு இங்கே எந்தக் காகிதம் செல்லும்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:
"ஒப்பந்தம் எழுதிப் பதிந்தால் இணையர் ஆகிவிடலாமா?" பத்திர எழுத்தரிடம் ஜோடிகள் முதலில் கேட்பது இதைத்தான். ஆகாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். சிவில் இணைவுக்கும் (திருமணம் இல்லாமல் சட்டம் ஏற்கும் துணை உறவு) உரிமையில்லை என்றார்கள் மூன்று பேர். திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது பெரிய தெம்பு. ஆனாலும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் துணையின் பெயர் ஏறாது.

ஆகவே உயில்தான் ஆணிவேர். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், துணையைச் சாட்சியாக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் சார்பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். "இது அவன் கையெழுத்தே இல்லை" என்று அண்ணன் தம்பி கிளம்பும்போது அதுதான் கைகொடுக்கும். சர்வே எண், கணக்கு எண், பாலிசி எண் விடாமல் எழுதுங்கள். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும்.

உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் பத்திரம்) எழுதினால் குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். துணைக்கு 7 சதவீதம். இது அநியாயம்தான். பவர் பத்திரத்தை நம்பி இருக்காதீர்கள், எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் அது செல்லாது.

ராணிப்பேட்டையிலிருந்து:
உயிலோடு நாமினியையும் பாருங்க. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினி ஆக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே தெளிவாக்கியிருக்கு. மறுத்தால் அந்த அறிவிப்பைக் காட்டுங்க. நாமினி பணத்தை வாங்கலாம், சொந்தமாக்க உயில் வேணும். இன்சூரன்ஸிலும் இதே கதிதான். தோல், ஷூ கம்பெனி ஆட்கள் ஏமாறுவது பி.எஃப்.பில்: தம்மை நம்பியிருக்கும் அப்பா அம்மா இருந்தால் வெளியாளை நாமினியாகப் போட்டது செல்லாது.

ஆஸ்பத்திரிக்குத் தனிக் காகிதம். முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் (நம்மால் பேச முடியாதபோது சிகிச்சை பற்றி யார் முடிவெடுப்பது என்று முன்பே எழுதிவைப்பது) துணையின் பெயரை எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி கையெழுத்து வாங்குங்க. சுயநினைவு தப்பி, குணமாகும் வாய்ப்பே இல்லாத நிலைக்குத்தான் அது. சாதாரண ஆபரேஷனுக்கு இல்லை.

வேலூர் நகரிலிருந்து:
நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறவர்கள் கவனத்துக்கு: அங்கே 2005 டிசம்பரிலிருந்து சிவில் இணையர் பதிவு உண்டு. இருவரும் நேரில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 28 நாள் பொறுத்து, இரண்டு சாட்சி முன் கையெழுத்திட வேண்டும். உயில் எழுதாமல் இறந்தாலும் அங்கே துணை வாரிசு. காட்பாடி வீட்டுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. இங்குள்ள சொத்துக்குத் தனி உயில் எழுதிவிட்டு விமானம் ஏறுங்கள்.